கேட்டதை மட்டும் அளந்த தண்ணீர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு வீடு தள்ளியிருக்கும் பத்மா என் வாசலுக்கு ஓடி வந்தாள். ஓய்வுபெற்று நானுஓயாவில் குடியேறிய நாளிலிருந்து அவளைத் தெரியும். சும்மா பதறுகிறவள் அல்ல.

"ஸ்டெல்லா அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. எங்க தண்ணில என்னென்னமோ இருக்குதாம். பாத்தாலே கொமட்டுது."

அவள் வீட்டு மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றதில், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க வந்தவர் தன் மெஷினில் வடித்துக் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் தொங்கும் ஒரு சின்னக் கருவியை இறக்கி பிளக்கைப் போட்டிருந்தார். பத்மா வீட்டுத் தண்ணீர் துருவைக் கரைத்த சாக்கடை மாதிரி ஆகி, மேலே பச்சையும் பழுப்புமாக நுரை கட்டியிருந்தது. அவருடைய தண்ணீர் தெளிவாக அப்படியே நின்றது.

"இதத்தாம்மா நீங்க தெனமும் குடிக்கிறீங்க," என்றார் அவர். கழுத்தில் டை, முப்பது வயதிருக்கும். "கடினத் தண்ணி. கிட்னிக்கு ஆகவே ஆகாது."

நான் சமையலறைக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து, அவருடைய தெளிந்த தண்ணீரில் போட்டுக் கலக்கினேன்.

"இப்ப மறுபடி கம்பிய விடுங்க தம்பி."

விட்டார். அதுவும் பழுத்துக் கறுத்தது. பத்மாவின் தண்ணீரை விட மோசமாகவே கறுத்தது.

அந்த அழுக்கு கம்பியிலிருந்து வருவது. கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கொஞ்சம் உப்புச்சத்து இருந்தால் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரையும். எதுவுமே இல்லாமல் வடித்த தண்ணீரில் மின்சாரம் ஓடாது, அதனால் நிறமும் மாறாது. பத்மா வீட்டுக்கு வருவது மலை ஊற்றுத் தண்ணீர். சோப்புப் போட்டால் கழுவக் கழுவ வழுக்கல் போகாது. அதில் கடினம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மிஸ். ட்ரெய்னிங்ல எங்களுக்கு இப்படித்தான் காட்டுனாங்க. என் வீட்டுலயே இத மாட்டி வச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைக்கே இதை நிரோஷாவிடம் சொன்னேன். நான் வேலை பார்த்த நுவரெலியா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், இப்போது என் நாற்காலியில் இருப்பவள். "அக்கா, எந்த மெஷின் நல்லதுன்னு தெனமும் யாராவது போன் பண்றாங்க. தண்ணில என்ன இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கிறதில்ல. நீங்க அந்த மாஸ்டர் வீட்டு விஷயத்த எழுதுங்களேன்," என்றாள்.

பணியிலிருந்த காலத்தில் அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கூச்சம் ஒரு காரணம். சொல்லப் போனால் அதுதான் முழுக் காரணம். இப்போது எழுதுகிறேன்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, கண்டியில் இரண்டு வருஷம் பயிற்சி முடித்து, இருபத்திரண்டு வயதில் நுவரெலியாவுக்கு வந்தேன். பயிற்சியில் கற்றதெல்லாம் அரைக் கொப்பிக்குள் அடங்கிவிடும். வேலை என்றால் என்ன என்று தெரிந்தது சேனாரத்ன சேரிடம்தான்.

சேர் எங்கள் பிரதம இரசாயனவியலாளர். கண்டிப்பக்கத்துச் சிங்களவர், ஒல்லியான மனிதர். குளிர் எவ்வளவு இருந்தாலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துத்தான் விடுவார். போத்தல் கழுத்துவரை நிரம்பாமல் வந்தால் மாதிரியை வாங்கவே மாட்டார். கொண்டுவந்தவர் உடப்புசல்லாவையிலிருந்து பஸ் மாறி வந்தவராக இருந்தாலும் சரி, "அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பிக் கொண்டு வரச் சொல்லு" என்பார். என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டு.

நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டை விரலை வரிக்குக் கீழே வைத்து வாய்விட்டுப் படிப்பார். "நல்ல தண்ணீர்" என்று எழுதியிருந்தால் வெட்டிவிடுவார். "நல்லது என்பதை எந்தக் கருவியால் அளந்தாய் ஸ்டெல்லா?" என்று கேட்பார், கோபமே இல்லாமல். அவருக்கு மூன்று விதிகள். கேட்டதை மட்டும் அள. அளந்ததை மட்டும் எழுது. எழுதியதை மட்டும் சொல். எங்கள் கூடத்து ரிப்போர்ட்டை நம்பி ஹோட்டல்கள் பொய்லர் வாங்கின, ஃபேக்டரிகள் குழாய் மாற்றின. அந்த விதிகள்மேல் எனக்கு ஒரு பக்தியே இருந்தது.

கடினத்தை அளப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. குடுவையில் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒரு சிட்டிகை நிறத்தூள் போட்டால் திராட்சை ரசம் மாதிரிச் சிவக்கும். மேலே நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்ற வேண்டும். கல்சியமும் மக்னீசியமும் தீரும் வரைக்கும் சிவப்பு போகாது. தீர்ந்த அந்த ஒரே சொட்டில் முழுதும் நீலமாகிவிடும். எத்தனை சொட்டுப் போனதோ அத்தனை கடினம். மலை ஊற்றென்றால் நாலைந்து சொட்டில் முடிந்துவிடும்.

வேலைக்கு வந்து பதினெட்டு வருஷமிருக்கும், ரவீந்திரன் மாஸ்டர் கொண்டுவந்த தண்ணீருக்கு நான் குழாயை இரண்டாம் தடவை நிரப்ப வேண்டி வந்தது.

தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர் அவர். பேச்சு ஒழுங்காக இருக்கும், எதையும் குறித்துக்கொள்வார். லயத்தை விட்டு வெளியே, உடப்புசல்லாவைப் பாதையில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். அந்தச் சரிவில் ஊற்று இல்லை. ஆகவே குழாய்க்கிணறு அடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புப் பாறை உண்டு. மலைநாட்டில் எல்லாத் தண்ணீரும் மென்மையென்று நினைப்பவர்களுக்கு அது தெரியாது.

"சோப்பு நுரைக்கவே மாட்டேங்குதுங்க மிஸ். குளிச்சா தலமுடி சிக்குப் பிடிச்ச மாதிரி ஆயிருது. ஹீட்டர் ரெண்டு தடவ எரிஞ்சு போச்சு. கேத்தலுக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு." அவர் ஃபைலிலிருந்து மூன்று விளம்பரத் தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். "மூணு கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க. மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்க. எத வாங்குறது?"

ஒன்று, குழாயைச் சுற்றிக் காந்தத்தைக் கட்டும் சாமான். ஒன்று, பிசின் மணிகளுக்கூடாகத் தண்ணீரை விட்டுக் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் மென்மையாக்கி. அதற்கு அவ்வப்போது உப்புப் போட வேண்டும். மூன்றாவது, மெல்லிய சவ்வுக்கூடாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் மெஷின். ஆர்.ஓ. என்பார்கள்.

எனக்கு அன்று உற்சாகம். இப்படி அக்கறையாகக் கேட்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். மறுநாளே அந்தப் பக்கம் இன்னொரு வேலைக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். அவருடைய மனைவி சுகந்தி எட்டு மாதக் கர்ப்பிணி. பால் விடாத பிளேன்டீ ஊற்றித் தந்தாள். கோப்பையின் மேலே எண்ணெய் மாதிரி ஒரு மெல்லிய ஏடு மிதந்தது. கடினத் தண்ணீரின் அடையாளம்.

வீட்டுக்குப் பின்னால் போய்க் கிணற்றைப் பார்த்தேன். மேலே மலைமுழுக்கப் படிப்படியாக மரக்கறித் தோட்டம். லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு. ஒரு ஷெட்டில் உர மூடைகள் அடுக்கியிருந்தன. கோழி எருவின் நெடி மூக்கைத் துளைத்தது. அதன் நேர் கீழே கிணறு.

இவ்வளவையும் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். "நல்லா வெளைஞ்சிருக்கே," என்றுகூடச் சொன்னேன்.

நான் கொடுத்த ஆலோசனை இதுதான். காந்தம் வேண்டாம், நான் அளந்து பார்த்தவரையில் அதனால் கடினம் ஒரு சொட்டும் குறைந்ததில்லை. முழு வீட்டுக்கும் ஆர்.ஓ. வேண்டாம், பாதித் தண்ணீர் வீணாக வெளியே போகும். குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு மென்மையாக்கி போடுங்கள். ஆனால் அதில் சோடியம் ஏறும். மாஸ்டருக்கு பிரஷர் இருப்பதாகச் சொன்னார். அதனால் மென்மையாக்கிக்கு முன்னால் ஒரு தனிக் குழாய் பிரித்துக் குசினிக்குக் கொண்டு போங்கள். குடிக்கவும் சமைக்கவும் அதை எடுங்கள். கல்சியம் உடம்புக்குக் கெடுதல் இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பிழையில்லை. இன்றைக்கும் பிழையில்லை.

அவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். மென்மையாக்கி பூட்டினார்கள். சோப்பு நுரைத்தது. பெண் குழந்தை பிறந்த செய்தியோடு, கூடத்துக்கு ஒரு பெட்டி கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார். சேர்கூட ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஏழு வாரம் கழித்து, காலை பத்து மணியிருக்கும், கூடத்துத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டிலிருந்து ஒரு பெண் டொக்டர்.

"உங்கள் ரிப்போர்ட் ஒன்று என் கையில் இருக்கிறது. ரவீந்திரன் என்ற பெயருக்கு. இதில் நைத்திரேற்று எங்கே?"

"அது பார்க்கவில்லை டொக்டர். கடினம் மட்டும்தான் கேட்டார்கள்."

"குழந்தை நீலமாகக் கிடக்கிறது. ஒக்சிஜன் கொடுத்தும் நிறம் மாறவில்லை. இரத்தம் எடுத்தால் சொக்லட் நிறத்தில் வருகிறது. அந்தத் தண்ணீரை உடனே பாருங்கள்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்திருந்தேன். உரத்திலிருக்கும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்கும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பால்குடிக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் இரத்தம் ஒக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். மூச்சு ஓடும், காற்றும் இருக்கும், ஆனாலும் குழந்தை உள்ளுக்குள்ளே மூச்சுத் திணறும். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்து எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

சேரிடம் ஓடினேன். அவர் மாஸ்டரின் ரிப்போர்ட் பிரதியை எடுத்து, விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் படித்தார்.

"ரிப்போர்ட்டில் பிழை இல்லை," என்றார்.

"சேர், குழந்தை!"

"பிழை இல்லை ஸ்டெல்லா. கேட்டதை அளந்திருக்கிறோம்." மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். நடுவில் குரல் நின்றுவிட்டது. தாளை மேசையில் வைத்தார். மடித்திருந்த சட்டைக் கையை இறக்கி விட்டார், திரும்ப மடித்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு போத்தலையும் கார்ச் சாவியையும் எடுத்தார். "நான் தண்ணீர் எடுத்து வருகிறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. தாய்க்குத் தமிழில் பேச ஆள் வேண்டும்."

அவர் தன் கையால் மாதிரி எடுக்கப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாட்டில் சுகந்தி சுவரோடு சாய்ந்து நின்றாள். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்து, இரண்டு வாரமாகத் தாய்ப்பால் கொடுக்க முடியாமல் பால்மா கரைத்துக் கொடுத்திருக்கிறாள். கட்டிலில் குழந்தை. நான் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறத்தை மட்டும் பார்த்ததில்லை. உதடு, நகம், மூக்கு நுனி எல்லாம் ஈயத்தைத் தேய்த்த மாதிரி. அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் அரையாகத் திறந்து வைத்திருந்தது.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க மிஸ் செஞ்சேன். மெஷின் தண்ணிய எடுக்கல. குசினிக் குழாயிலதான் எடுத்தேன். பச்சப்புள்ளைக்குன்னு பத்து நிமிஷம், கால் மணி நேரம்னு கொதிக்க வச்சேன். நல்லாத்தானே கொதிக்க வச்சேன்?"

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அது இன்னும் செறியும். அவள் எவ்வளவு அக்கறையாகக் கொதிக்க வைத்தாளோ அவ்வளவுக்கு அதைக் கூட்டியிருக்கிறாள். இதை அவளிடம் அந்த இடத்தில் நான் சொல்லவில்லை. "நீ ஒரு தப்பும் செய்யலம்மா," என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர் ஊசி மருந்தோடு வந்தார். சிரிஞ்சில் இருந்தது கரும் நீலம். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மெதிலீன் புளூ. எங்கள் அலமாரியிலும் ஒரு சின்னப் போத்தலில் இருக்கும், கண்ணாடித் தகட்டில் கிருமிகளுக்குச் சாயம் ஏற்ற. கையில் பட்டால் மூன்று நாள் போகாது. ஏற்கெனவே நீலமாகக் கிடக்கிற குழந்தைக்குள் அதை, மிக மெதுவாக, ஏற்றினார்கள்.

"ஐயோ, என்னங்க டொக்டர் அது!" என்று மாஸ்டர் பின்னாலிருந்து கத்திவிட்டார். நான்தான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து போனது. யாரோ கஞ்சி வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு காது மடலில் ஒரு நிறம் வந்தது. அதை நான்தான் முதலில் பார்த்தேனா சுகந்தியா என்று தெரியாது. இருவரும் ஒரே நேரம் குனிந்தோம். அப்புறம் உதடு. சாம்பல் கலைந்து, உள்ளேயிருந்து ரோஜா நிறம் கசிந்து வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை கையைக் காலை உதைத்துக் கத்தத் தொடங்கிவிட்டது. சுகந்தி தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் அழவில்லை. என்னால் முடியவில்லை. வெளியே வந்து தாழ்வாரக் குழாயைத் திறந்து கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

கூடத்துக்குத் திரும்பியபோது சேர் மேசையில் இருந்தார். நைத்திரேற்றைப் பார்க்கும் சோதனையில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். சிவப்பு கூடக் கூட அளவும் கூடுகிறது என்று பொருள். சேரின் முன்னால் இருந்த குழாய் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. ஐந்து மடங்கு வடிதண்ணீர் கலந்து பார்த்திருக்கிறார், தீரவில்லை. பத்து மடங்கு கலந்த பிறகுதான் கருவியால் வாசிக்க முடிந்திருக்கிறது.

"குழந்தை?" என்றார்.

"தப்பிருச்சு சேர்."

அவர் தலையை ஆட்டினார். "மென்மையாக்கிக்குப் பின்னால் உள்ள தண்ணீரையும் பார்த்தேன். அதிலும் அதே அளவுதான். அந்த மெஷின் கல்சியத்தைப் பிடிக்கும். இதைத் தொடவே தொடாது," என்றார்.

அப்படியென்றால் அவர்கள் எந்தக் குழாயில் எடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அடுத்த நாள் காலையில் நாங்கள் இருவரும் அந்தச் சரிவுக்குப் போனோம். மேல் தோட்டத்துக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. "எல்லாரும் போடுற உரந்தாங்க போடுறேன். கடையில போடச் சொன்ன அளவவிட ஒரு பங்கு கூடத்தான். மழைக்குக் கழுவிட்டுப் போயிருதே." கழுவிக்கொண்டு எங்கே போகிறது என்று அவரும் யோசித்ததில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

சரிவின் கீழே ஆறு குழாய்க்கிணறு. ஆறிலும் மாதிரி எடுத்தோம். நான்கு கிணறு, பால்குடிக் குழந்தை உள்ள வீட்டில் ஒரு கரண்டிகூடப் பாவிக்கக் கூடாத நிலை. அந்த நான்கு வீட்டுக்கும் மறுநாள் நேரே போய்ச் சொன்னோம். கடைசி வீட்டில் இருந்தவள் செல்வி. உடுப்புத் தைக்கும் காமெண்ட் ஃபேக்டரியில் வேலை செய்தவள். வயது முப்பதுக்குள். நான் தண்ணீரைப் பற்றியும் மாஸ்டர் வீட்டுக் குழந்தையைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீலமாப் போச்சுங்களா மிஸ், அந்தப் புள்ள?"

"ஆமாம்மா."

"வாய்கிட்ட?"

"ஆமா. நகமும்."

அவள் உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்தாள். நெற்றியில் கறுப்புப் பொட்டோடு, இரண்டு மாதக் கைக்குழந்தை. "மூணு வருஷமாச்சு. பால்மாதான் குடுத்தேன். வேலைக்குப் போகணும்னு பால நிப்பாட்டிட்டேன். ஒருநா காலையில வாயெல்லாம் நீலம் பூத்துருச்சு. த்ரீவீல் புடிச்சு ஏத்திக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிருச்சு. இருதயம் பலவீனமா இருந்திருக்கும்னு சனங்க சொன்னாங்க." படத்தை என் பக்கம் திருப்பினாள். "இதுவும் தண்ணியாலதானா மிஸ்?"

அவள் என்ன கேட்கிறாள் என்று சேர் என்னிடம் கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முந்திய தண்ணீர் யாரிடமும் இல்லை. இரத்தம் இல்லை. ஒன்றும் இல்லை. இருக்கலாம் என்று சொன்னால், அவள் தன் கையால் கரைத்துக் கொடுத்த ஒவ்வொரு போத்தலையும் வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பாள். இல்லை என்று சொன்னால் அது பொய்.

"எனக்குத் தெரியல செல்வி," என்றேன். "இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா தண்ணி உன் தப்பு இல்ல."

அவள் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அந்த வாரமே எங்கள் விண்ணப்பப் படிவம் மாறியது. சேர் தன் கையாலேயே மூன்று கேள்விகள் சேர்த்தார். கிணற்றுக்கு மேலே என்ன இருக்கிறது? இந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உண்டா? ஆம் என்றால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் நைத்திரேற்றைப் பார்த்துவிடுவோம். அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சேர் பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. மறுகடிதம் வரவில்லை.

மாஸ்டர் வீட்டில் மென்மையாக்கியைக் கழற்றவில்லை. குளிக்கவும் ஹீட்டருக்கும் அது இன்றும் ஓடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் குசினித் தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன ஆர்.ஓ. போட்டார்கள். அதன் சவ்வு பழுதானால் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே வடித்த தண்ணீரையும் வருஷத்தில் இரண்டு தடவை எங்களிடம் கொண்டு வந்தார்கள். அது போதாதென்று, குழந்தைக்கு ஒரு வயதாகும் வரைக்கும் மாஸ்டர் பழைய தோட்டத்து ஊற்றுப் பீலியில் பிடித்த தண்ணீரை, நாங்கள் பார்த்துச் சரி என்ற பிறகு, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேனில் சுமந்து வந்தார். மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

ஆகவே எந்த மெஷின் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பதெல்லாம் இதுதான்: உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது, உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? முதலாவதைப் போத்தலில் கொண்டு வாருங்கள். இரண்டாவதை வாயால் சொல்லுங்கள். விற்க வருகிறவரின் டம்ளரை நம்பாதீர்கள். என் அனுபவத்தையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு, கூடம் திறந்தவுடனே செல்வி வந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒரு போத்தல், விளிம்புவரை நிரப்பி, ஈரத் துணியால் சுற்றி. எங்களைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"வெலிமடைப் பக்கம் எங்க அக்கா வீட்டுத் தண்ணிங்க மிஸ். அவங்க வீட்டுக்கு மேலயும் கெழங்குத் தோட்டந்தான். நேத்துப் போய் நானே புடிச்சிட்டு வந்தேன். அக்காவுக்கு ரெட்டப் புள்ள பொறந்திருக்கு. தாய்ப்பால் காணலன்னு இன்னிலருந்து பால்மா குடுக்கப் போறாங்க. பாத்துச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் மற்ற வேலையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதைப் பார்த்தேன். சேரும் வந்து பக்கத்தில் நின்றார். குழாயில் நிறம் ஏறியது. இளஞ்சிவப்பில் நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை.

நான் திரும்பியபோது அவள் எழுந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்து அழுத்தினாள். குரலில் நடுக்கமே இல்லை.

"அக்கா, புள்ளைகளுக்குப் பால் கரைச்சிட்டியா? … இல்லையா? தண்ணி அடுப்புல இருக்கா? எறக்கு. எறக்கி வெளிய ஊத்து. அப்புறம் சொல்றேன், மொதல்ல ஊத்து. நான் போன வைக்க மாட்டேன். நீ ஊத்துற சத்தம் எனக்குக் கேக்கணும்."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்களும் அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டுருச்சு," என்றாள்.